ஒஹாயோ மான் வேட்டைக்கு முதல் இடியன் துவக்கு: எதை வாங்கச் சொல்வது?

நான் திருகோணமலை. அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கும் தம்பி, வரும் ஜனவரி மான் வேட்டைப் பருவத்துக்குக் குழல்வாயால் மருந்திடும் துவக்கு ஒன்று வாங்கப் போகிறான். கந்தளாய் வயலில் பன்றிக் காவலுக்கு அப்பா அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்த இடியன் துவக்கை நான் துடைத்துப் பழகியவன் என்பதால் என்னைக் கேட்கிறான். அது புரி (குண்டைச் சுழல வைக்கும் உட்புறச் சுருள் வரி) இல்லாத குழல். அந்த அனுபவம் இங்கே உதவவில்லை.

அவனிடம் 300 டொலர் இருக்கிறது. தூரம் 100 யார் வரை. வேட்டை இல்லாத நாட்களில் இலக்குச் சுடவும் வேண்டும்.

பட்டியலை இரண்டாகச் சுருக்கிவிட்டோம்: சிவிஏ நிறுவனத்தின் புதிய வுல்ஃப், அல்லது பாவித்த ஒப்டிமா. இரண்டும் .50 கலிபர் (அரை அங்குலக் குழல் விட்டம்), 209 பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு பற்றவைப்பான்), 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரி. வுல்ஃப் குழல் 24 அங்குலம், ஒப்டிமா 26. பழைய பாணித் துவக்குகள் பலவற்றின் மெதுவான புரி (ஒரு சுற்றுக்கு நீண்ட தூரம் எடுப்பது) துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்குத்தான் நல்லது என்பதால் அவற்றை விட்டுவிட்டோம். நகரில் துவக்குத் திருத்துபவரிடம் விசாரித்தேன். அவர் கேப் (வெளியே பொருத்தும் சிறு வெடிமூடி) வைக்கும் பழைய வகையை மட்டுமே அறிவார்.

எனக்குப் பயம் துருதான். பைரோடெக்ஸ் (கருமருந்துக்குப் பதிலாகப் போடும் மருந்து) எரிந்து விடும் கரி உலோகத்தை அரிக்கும். சுட்டதும் விரைவில் கழுவாவிட்டால் குழல் துருப்பிடித்துவிடலாம். தம்பியோ சாப்பிட்ட கோப்பையையே மறுநாள் கழுவுகிறவன்.

பாவித்த ஒப்டிமாவை வாங்குமுன் குழலிலும் பின்முனை அடைப்பானிலும் (குழலின் பின்பக்கத்தை மூடும் திருகு) எவற்றைப் பார்த்தால் துணிந்து வாங்கலாம்?