பொருள்: தண்டனை முடிந்த பிறகும் தொடரும் நிபந்தனைக் காலம் – சொல் வேண்டும்

மூணாறிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சட்டப் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 'சூப்பர்வைஸ்டு ரிலீஸ்' என்று ஓர் ஏற்பாடு. 1984இல் சட்டமாகி, 1987 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடும் அந்த நாட்டுப் பழைய பரோலின் இடத்தைப் பிடித்தது. சிறைக்காலத்தை இது குறைக்காது, அது முடிந்த பிறகுதான் தொடங்கும். அலுவலரிடம் நேரில் போக வேண்டும், அனுமதி இல்லாமல் வெளியூர் போகக்கூடாது, மீறினால் நீதிமன்றம் மறுபடி உள்ளே அனுப்பலாம். 'பரோல்' என்று எழுத முடியாது. நம் ஊரில் பரோல் என்றால் தங்கை கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போவது. 'விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்பு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

சிற்றூரிலிருந்து:

தம்பி, 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து' என்ற குறளைப் பாருங்கள். அந்தக் குற்றத்துக்கு இன்னொரு முறை போகாதபடி என்பதுதான் 'தலைச்செல்லா வண்ணம்'. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவரைப் பற்றித்தானே உங்கள் பாடமும்? இதற்கு ஓம்படை என்ற பழஞ்சொல் இருக்கிறது. காத்துக்கொள் என்று ஒப்படைப்பது. கையில் ஒப்படைப்பது என்னும் கையடைக்கு நெருங்கிய உறவு. 'ஓம்படை விடுதலை' என்று வையுங்கள். சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு விடும் ப்ரொபேஷனுக்கு மலையாளத்தில் 'நல்லநடப்பு' என்று எவ்வளவு இயல்பாக வைத்துக்கொண்டார்கள்! இரண்டு பாதியும் நம்முடையவை. நாம் மட்டும் ஏன் வாக்கியத்தையே சொல்லாக்குகிறோம்?

பீர்மேட்டிலிருந்து:

ஐயா, நல்லநடப்பு நிலைத்ததற்குக் காரணம் அது எல்லார் வாயிலும் ஏற்கெனவே இருந்தது. ஓம்படை அப்படி இல்லை. கோர்ட் வராந்தாவில் நிற்கும் அம்மாவிடம் "உங்க மகனுக்கு மூணு வருஷம் ஓம்படை" என்றால் அவர் வக்கீல் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஆனால் தம்பி, கண்காணிப்பும் வேண்டாம். கங்காணி என்ற சொல்லே கண்காணிதான். ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, கடனிலேயே கட்டிப்போட்டவரின் பெயர் அது. தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் மறக்கவில்லை. மலையிறங்கி உசிலம்பட்டிப் பக்கம் போனால் இன்னும் ஆழமான காயம். 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைச் சட்டம் என்றுதான் அங்கே சொல்வார்கள். அதில் பதிவானவர்கள் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். அது பிறந்த சாதிக்காக விதித்தது. உங்கள் பாடத்தில் வருவது ஒருவர் செய்த குற்றத்துக்கு நீதிபதி காலவரம்பு சொல்லி விதிப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது அநியாயம்.

இன்னொன்று. நம் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 394ஆம் பிரிவில், சில வகைக் குற்றங்களில் மறுபடி தண்டனை பெற்றவர், வெளியே வந்த பின் 5 ஆண்டு வரை தன் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிடலாம். அவ்வளவுதான், வேலை, சிகிச்சை, அலுவலரிடம் போவது என்ற நிபந்தனை எதுவும் அதில் கிடையாது. ஒரே சொல் போட்டால் மாணவர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார். 'நன்னடத்தை'யும் ஆகாது, 1958 சட்டத்து ப்ரொபேஷன் அதைப் பிடித்துவிட்டது.

'நீதிமன்ற மேற்பார்வைக் காலம்' என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் பொறுப்பு யாருடையது, அதற்கு முடிவு உண்டா என்ற இரண்டும் அதிலேயே தெரிகிறது. உள்ளே இருந்து வந்தவருக்கு இந்த இரண்டும்தான் முதலில் தெரிய வேண்டும்.

சிற்றூரிலிருந்து:

மேற்பார்வை கட்டட வேலைக்குச் சொல்வது, அம்மா. பழிவாங்குவதை இந்த மேற்பார்வை விதிப்பதற்குரிய காரணங்களில் அந்த நாட்டுச் சட்டமே சேர்க்கவில்லை. அப்படியிருக்க, காப்பது என்ற பொருள் சொல்லில் வர வேண்டாமா? 'மேல்' என்று தொடங்கினாலே அதிகாரம்தான் நிற்கிறது.

மூணாறிலிருந்து:

அக்கா சொன்னதற்கே கூடுதல் ஆதரவு. 'நீதிமன்ற மேற்பார்வைக் காலம்' என்று மாற்றிவிட்டேன். ஐயா, கலைச்சொல் பட்டியலில் ஓம்படையை மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறேன்.

சிற்றூரிலிருந்து:

சேருங்கள். ஆனால் முதலில் நிற்க வேண்டியது அதுதான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஓம்படையை ஓம்பு, அடை என்று பிரிப்பதா, ஓம்படு என்ற வினையிலிருந்து கொள்வதா என்று நாளை தனியாக எழுதுகிறேன்.