பிரேக்கைக் கழற்றினால் வண்டி ஏன் ஓடவில்லை? (நெல்ஃப் சந்தேகம்)

ஈக்காரன்_அல்சூர்:
பெங்களூருக்கு வந்து மூன்று மாதம். பழ ஈ ஆய்வகத்தில் வேலை; சோளமாவும் ஈஸ்டும் கலந்த ஈத் தீனியின் வாசம் அல்சூர் அறை வரை கூடவே வருகிறது. வெள்ளிக்கிழமை ஒரு ஆய்வுக்கட்டுரையை எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும், ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 வேலையைத் தொடங்கி, 20 முதல் 60 நியூக்ளியோடைடு போனதுமே பல மரபணுக்களில் நின்றுவிடுகிறது. பிடித்து நிறுத்துபவை டிஎஸ்ஐஎஃப், நெல்ஃப் என்ற புரதங்கள். சரி. அப்படியானால் நெல்ஃபைக் குறைத்தால் படியெடுப்பு கூடத்தானே வேண்டும்? ஆனால் கட்டுரையில், அப்படிச் செய்த ஈ செல்களில் பல மரபணுக்களின் வெளிப்பாடு குறைந்திருக்கிறது! படத்தைத் தலைகீழாகப் பார்க்கிறேனா?

மார்க்கெட்_அக்கா:
இல்லை தம்பி, நேராகத்தான் பார்க்கிறாய். முதல் வருடம் நானும் இங்கேதான் முழித்தேன்.

சாயங்காலம் கே.ஆர். மார்க்கெட் பஸ் நிறுத்தத்தைப் பார். பஸ் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற வரை அந்த இடம் பஸ்ஸுக்கு. அது கிளம்பி, அடுத்தது வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், ஆட்டோவும் தள்ளுவண்டியும் புகுந்துவிடும். இங்கே தள்ளுவண்டி என்பது நியூக்ளியோசோம் என்ற புரத உருண்டை; சுமார் 147 எழுத்து நீள டிஎன்ஏவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் அடுத்த பாலிமரேஸ் எங்கே நுழையும்? நின்றுகொண்டிருக்கும் பாலிமரேஸ் மரபணுவின் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எல்லா மரபணுவிலும் இப்படி நடக்காது, சிலவற்றில் நீ நினைத்த மாதிரியே வெளிப்பாடு கூடும்.

வெப்ப அதிர்ச்சி மரபணு எச்எஸ்பி70-ஐயும் சொல்லிவிடு. சூடு படுவதற்கு முன்பே அதன் தொடக்கத்தில் பாலிமரேஸ் இருப்பதை கில்மரும் லிஸ்ஸும் 1986இல் காட்டியது உங்கள் ஈயின் செல்களில்தான்.

ஈக்காரன்_அல்சூர்:
அக்கா, இது போதும்! கடைசியில், நின்ற பாலிமரேஸை ஓடவிடும் பி-டெஃப்-பி என்ற புரதக் கூட்டு வந்து நெல்ஃப், டிஎஸ்ஐஎஃப் இரண்டையும் இறக்கிவிடுகிறது, அவ்வளவுதானே?

ஹெப்பாள்_வாசி:
அங்கேதான் எல்லோரும் தவறாக வரைகிறார்கள். பி-டெஃப்-பி என்பது சிடிகே9-உம் சைக்ளின் டி-யும் (ஆங்கில T) சேர்ந்தது. நெல்ஃப், டிஎஸ்ஐஎஃப், பாலிமரேஸின் வால் மூன்றிலும் அது பாஸ்பேட் ஒட்டுகிறது. நெல்ஃப் இறங்கிவிடும். டிஎஸ்ஐஎஃப் இறங்காது. "இரு, இரு" என்று கை காட்டிய கண்டக்டரே "ரைட், ரைட்" சொல்லிக் கூடவே வருகிற மாதிரி, பாலிமரேஸோடு போய் ஓட்டத்துக்கு உதவும்.

பி-டெஃப்-பியும் சும்மா கிடைக்காது. செல்லில் அதில் பெரும்பங்கை 7எஸ்கே ஆர்என்ஏவும் ஹெக்சிம் புரதமும் கட்டிவைத்திருக்கும். எச்ஐவியின் டாட் புரதம் அதைப் பறித்துத் தன் மரபணுவை ஓட்டுகிறது. கில்லாடி வைரஸ்!

ஈக்காரன்_அல்சூர்:
ஸ்லைடில் டிஎஸ்ஐஎஃப் மேல் போட்டிருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழித்துவிட்டேன். தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஈத் தீனியில் போடுகிற ஈஸ்டுக்கு நெல்ஃபே கிடையாதாம்!