காரை விற்றவர்கள், விற்க நினைப்பவர்கள், விற்க முடியாதவர்கள்

குரோம்பேட்டைக்காரன்:

ஆபீஸில் ஒரு தம்பி முதல் கார் வாங்கப் போகிறான். "அண்ணே, எதை எடுக்கலாம்?" என்று என் மேஜைக்கு வந்து நின்றான். காரை விற்றவனிடம் வந்து கேட்கிறாயே என்றேன். உடனே முகம் மாறி, குரலைத் தாழ்த்தி, "ஏன்ணே, எதுவும் கஷ்டமா?" என்றான். கார் வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை. விற்றால் மட்டும் துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்கிறார்கள். டீக்கடையில் நின்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

வீடு குரோம்பேட்டை, வேலை கிண்டி எஸ்டேட்டில். 12 கிலோமீட்டர். 2016-இல் கார் எடுத்தேன். முதல் ஆறு மாதம் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஞாயிறு காலை மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவோம். வாங்கியது ஞாயிற்றுக்கிழமைக்கு. ஓட்டியது திங்கள் முதல் சனி வரை.

காலை எட்டே காலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கினால் பல்லாவரம் தாண்டும்வரை ஆஃப் கிளட்ச்தான். ஏர்போர்ட் முன்னால் கொஞ்சம் மூச்சு விடலாம், கத்திப்பாராவில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஷேர் ஆட்டோ எங்கே நிற்குமோ என்று இடப்பக்கம் ஒரு கண், பஸ் எப்போது ஒடிக்குமோ என்று வலப்பக்கம் ஒரு கண், நடுவில் கிடைத்த சந்திலெல்லாம் பைக். போய்ச் சேர 50 நிமிடம். மழை பெய்தால் கணக்கே கிடையாது. இடது முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே, "கியர் வண்டியா?" என்றுதான்.

முழங்காலையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் பல்லாவரம் சிக்னல் பக்கத்தில் ஒரு மொபெட் என் கண்ணாடியை உரசிவிட்டுப் போனது. கதவைத் திறந்து இறங்கிக் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஓட்டி வந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும், முன்னால் ஒரு அரிசி மூட்டை. அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, "மடங்கித்தான் இருக்கு தம்பி, உடையல" என்று கண்ணாடியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். பின்சீட்டில் மகள். வீடு வரும்வரை பேசவில்லை. அம்மாவிடம் போய், "அப்பா இன்னிக்கு ரோட்ல சண்டை போட்டாரு" என்றாள். வீட்டில் நான் குரலை உயர்த்துகிற ஆளே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் எங்கிருந்து அந்த ஆள் வந்து உட்கார்ந்தான் என்று இன்றும் தெரியவில்லை.

அடுத்தது அக்கா மகள் கல்யாணம். தி.நகரில் மண்டபம், ஏழரை ஒன்பது முகூர்த்தம். நான் தாய்மாமன். முதல்நாள் ரிசப்ஷன் முடிந்ததும் எல்லாரும் மண்டபத்திலேயே தங்கினார்கள். நான்தான் கார்க்காரனாயிற்றே! காலையில் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து படுத்தேன். வந்தும் விட்டேன், ஏழு மணிக்கே. மனைவியையும் மகளையும் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினால் வாட்ச்மேன், "ஃபுல் சார், வெளில பாத்துக்கங்க" என்றார். பர்கிட் ரோடு, அப்புறம் பேர் தெரியாத நாலு சந்து. ஒரு வீட்டு கேட் முன்னால் விட்டேன், மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து எடுக்கச் சொன்னார். கடைசியில் நடேசன் பூங்கா பக்கம் ஒரு இடம் கிடைத்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டபத்தில் மைக்கில், "பொண்ணோட தாய்மாமா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். மாலை மாற்றி முடிந்திருந்தது. பெண்ணைத் தோளில் தூக்கியது என் சித்தப்பா மகன். ஆல்பத்தில் அவன்தான் இருக்கிறான். அக்கா இன்னும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் வருவதில்லை.

அன்றும் விற்கவில்லை. 2022 ஜூலையில் கிளட்ச் பிளேட் போய், கார் பத்து நாள் பட்டறையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் எலெக்ட்ரிக் டிரெயினில் போனேன். குரோம்பேட்டையில் ஏறினால் கிண்டி இருபது நிமிடம், டிக்கெட் 5 ரூபாய். கூட்டம்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் அந்த இருபது நிமிடமும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பிரேக் போடவா, விடவா, ஒடிக்கவா, எதுவும் என் வேலை இல்லை. பதினோராவது நாள் பட்டறையிலிருந்து போன் வந்தது, "வண்டி ரெடி சார்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வருமே, அதே பிசைவு. ஆகஸ்டில் விற்றுவிட்டேன்.

தொப்பை அப்படியேதான் இருக்கிறது, அதில் பொய் சொல்லப் போவதில்லை. முழங்கால் வலி போய்விட்டது.

வேளச்சேரி அக்கா:

என் பயம் ரோட்டில் இல்லை, வானத்தில். 2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் கழுத்தளவு தண்ணீர். கார் அதில் மூன்று நாள் ஊறியது. வடிந்ததும் என் வீட்டுக்காரர் ஆசையாகச் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தார். அதுதான் செய்யக்கூடாத காரியம். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிப் போன இன்ஜினுக்குச் சாதாரண இன்சூரன்ஸில் பணம் வராது, இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். நாங்கள் கட்டவில்லை. கடன் வாங்கி சரி செய்தோம்.

மறு வருடம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக விட்டது, டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் எங்களுடையதும் ஒன்று. அன்று இரவு நான்கு முறை எழுந்து, பாலத்தில் யாராவது இடித்திருப்பார்களோ, தூக்கிக்கொண்டு போயிருப்பார்களோ என்று யோசித்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அது புரிந்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பொங்கலுக்கு முன் விற்றோம். இப்போது மழை வந்தால் ஃபிரிட்ஜை மேலே தூக்குவதோடு சரி.

ஆக்டிங் டிரைவர்:

சார், நான் 22 வருடமாக மற்றவர்கள் காரை ஓட்டுகிறேன். சொந்தமாக ஒரு டிவிஎஸ் 50 மட்டும். ஓட்டத் தெரிந்த ஓனரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவது மாதிரி கஷ்டம் வேறு இல்லை. நான் பிரேக் போடுவதற்கு முன்னால் அவர் கால் பின்னால் பிரேக் போடும், கால்மிதியில் சத்தம் கேட்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "லெஃப்ட்ல ஆட்டோ வருது பாரு." பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் சார்.

ஒரு ஓனர், பெரியவர், மாதம் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுத் திருப்பதி போவார். தடா தாண்டியதும் தூங்கிவிடுவார். ஒருநாள் சொன்னார், "ரோட்டைப் பாக்காம வந்தாத்தான்யா இந்த வழியில இவ்ளோ ஏரி இருக்குன்னு தெரியுது." தூங்குகிறவருக்கு ஏரி எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஓட்டுகிறவனுக்கும் டென்ஷன் உண்டு. ஆனால் எனக்கு அது கூலி. எட்டு மணி நேரம் முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன். கீறல் விழுந்த கார் என் கனவில் வராது, ஓனர் கனவில் வரும்.

ஈசூன் மாப்பிள்ளை:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே கார் வாங்குமுன் அதை வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், சிஓஇ என்பார்கள். 1990-இலிருந்து இருக்கிறது. பத்து வருடம்தான் செல்லும். நான் 2013-இல் எடுத்த காருக்கு 2023 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் சின்னக் கார் பிரிவிலேயே ஏல விலை ஒரு லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரைத் தாண்டியிருந்தது. காருக்கு அல்ல, காகிதத்துக்கு! போதும் சாமி என்று ஒப்படைத்துவிட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மன்னார்குடியிலிருந்து அம்மா வந்தார். விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் கேள்வி, "வண்டி எங்கடா?" டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் பேசவில்லை. இரவு மனைவியிடம், "இத்தனை வருஷம் சம்பாதிச்சு ஒரு காருக்கு வழியில்லையாம்மா?" என்று கண்ணைத் துடைத்திருக்கிறார். மறுநாளிலிருந்து எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். நியூட்டனில் இறங்கி மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. மூன்றாவது வாரம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். தனியாகவே லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தார். "நியூட்டன்ல மாறணும், அவ்வளவுதானே" என்றார். ஊரில் ஒருநாளும் அவர் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனதில்லை, யாராவது வண்டி எடுக்க வேண்டும். ஆனாலும் ஊருக்குப் போன் செய்தால் காரைப் பற்றிப் பேச்சு வந்ததும் மாற்றிவிடுகிறார்.

எட்டு போட்டவள்:

2018-இல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினேன். அதன்பின் ஓட்டியது மூன்றே முறை. மூன்றாவது முறை மேம்பாலம் ஏறும்போது வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. பின்னால் நின்ற எல்லாரும் ஹாரன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். அதோடு சரி. "இந்தக் காலத்துப் பொண்ணுக்கு கார் ஓட்டத் தெரியாதா" என்று கேட்கிறவர்களிடம் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி நின்றிருக்கிறேன். தைரியம் இல்லாதவள் என்று என் பெயர். பயம் பயம்தான், அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருடம் ஆனது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முகப்பில் பிங்க் அடித்த பஸ் வந்தால் ஏறிவிடுவேன். என் தோழிகள் காரில் போகிற இடத்துக்கெல்லாம் நான் பஸ்ஸில் போகிறேன், கொஞ்சம் தாமதமாக. லைசென்ஸ் பர்ஸில் அடையாள அட்டையாக இருக்கிறது.

போடி பக்கத்து ஆள்:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. எங்கள் கிராமத்திலிருந்து தேனி 23 கிலோமீட்டர். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும், முதல் பஸ்ஸே ஆறு மணிக்கு. முடிந்து வரும்போது அவரால் தலையை நிமிர்த்தி உட்கார முடியாது, பின்சீட்டில் படுக்க வைத்துத்தான் கூட்டி வருவேன். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. நல்ல விஷயம், மதுரைக்கும் சென்னைக்கும் போகலாம். அப்பாவின் ஊசி நேரத்துக்கு அது வராது.

எனக்கும் ஓட்டப் பிடிக்காது. விடிகாலையில் எதிரில் வருகிற லாரிக்காரன் ஹை பீமை இறக்கவே மாட்டான், கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும். ஆனால் காரை விற்பது என்ற பேச்சே எங்கள் ஊரில் பஸ் ஓடினால்தான் ஆரம்பிக்கும். குரோம்பேட்டை அண்ணனுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு டிரெயின். அதை மறந்துவிட்டு எழுத வேண்டாம்.

கால்குலேட்டர்:

எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்லவில்லையே?

குரோம்பேட்டைக்காரன்:

போடித் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வீட்டிலிருந்து ஸ்டேஷன் பன்னிரண்டு நிமிட நடை என்பதால் நான் இப்படி எழுதுகிறேன். ஸ்டேஷன் இல்லாத ஊரில் இருந்திருந்தால் இன்னும் பல்லாவரத்தில் கத்திக்கொண்டிருப்பேன். அப்பா நலமாக இருக்கட்டும்.

கணக்கு கேட்டவருக்கு: வாங்கியது 6.2 லட்சம், விற்றது 2.9 லட்சம். நஷ்டம் 3.3. கடன் வட்டி 90 ஆயிரம், ஆறு வருட இன்சூரன்ஸ் 84 ஆயிரம், சர்வீஸும் டயரும் 80 ஆயிரம், பெட்ரோல் 4.32 லட்சம். கூட்டினால் 10 லட்சத்துக்கு மேல், அதாவது மாதம் 14,000. இப்போது டிரெயின், ஆட்டோ, கால் டாக்சி எல்லாம் சேர்த்து 4,000 தாண்டுவதில்லை. ஏதாவது விசேஷம் வந்தால் 6,000. மிச்சம் எங்கே போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை.

ஆக்டிங் டிரைவர் அண்ணே, தீபாவளிக்கு அடுத்த வாரம் குலதெய்வம் கோயிலுக்கு வாடகை வண்டியில் போகிறோம். பின்சீட்டில் பிரேக் போடாமல் வரப் பார்க்கிறேன்.

இன்னொன்று. எங்கள் அபார்ட்மென்ட்டில் என் பார்க்கிங் இடம் மூன்று வருடமாகக் காலி. மகள் சாக்பீஸால் கோடு போட்டு, மாடிப்பிள்ளைகளோடு ஷட்டில் ஆடுகிறாள். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்தார், இரண்டாவது கார் எடுக்கிறாராம், மாதம் 1,500 தருகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் மகள் பேட்டோடு நின்று முறைக்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் புக் செய்த வண்டி வர ஒரு மாதம் ஆகுமாம்.