அடுத்து எதைப் படிப்பது: மருத்துவ மாணவரா, செயலியா முடிவுசெய்வது?

வெள்ளவத்தையான்:
கொழும்பில் மருத்துவம் படிப்பவர்களுக்கு ஒரு செயலி செய்கிறோம். ஒருவர் தடுமாறிய கேள்வியை, அவர் மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும். மறதி எப்படி ஏறுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் எழுதியதுதான் அடிப்படை. 2006இல் வந்த ஆங்கி (Anki) என்ற நினைவட்டைச் செயலியும் இதைச் செய்கிறது, ஆனால் எந்தப் பாடம் என்பதை மாணவரே தேடவேண்டும். எங்கள் செயலி அதையும் தானே தேர்ந்துகொடுக்கும்.

ஆதிரை:
நேரத்தைக் கணக்கிடட்டும், சரி. பாடத்தைத் தேர்வதுதான் எனக்கு ஒப்பவில்லை தம்பி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் பெரும்பாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாய்களுக்கு வெளியே கசியத் தொடங்கும், 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். நோயாளியோ "இப்ப சுகம்" என்பார். கை குளிர்ந்திருக்கிறதா, நாடி அழுத்தம் (இரத்த அழுத்தத்தின் மேல், கீழ் எண்களின் இடைவெளி) குறுகுகிறதா, ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று நாமாகத்தான் பார்க்கவேண்டும். உங்கள் கேள்வியில் "கை குளிர்ந்துள்ளது" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்குச் சரியான விடையைத் தொட்டவரை, டெங்கு தெரிந்தவர் என்று செயலி ஒதுக்கிவிடும். வார்ட்டில் அந்தக் கையைத் தொடாமலே கடந்துபோவார்.

வெள்ளவத்தையான்:
நியாயம் அக்கா. விடைகளைத் தராமலே விடலாம். காய்ச்சல், சிவந்த கண், கெண்டைக்கால் வலி என்று மட்டும் காட்டுவோம். வயலில் இறங்கினாரா என்று மாணவர் கேட்டால்தான் அது தெரியவரும். கேட்காமல் விட்டவருக்கு, எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரால் தொற்றும் எலிக்காய்ச்சலை மறுபடி கொண்டுவருவோம். அமெரிக்கத் தேர்வுக்குக் கட்டிய கேள்வித் தொகுப்புகள் நம் வயலை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

கொக்குவில் பிள்ளை:
நான் உயர்தரப் பரீட்சை எழுதியது தமிழில். விரிவுரை ஆங்கிலத்தில், வார்ட்டில் பெரும்பாலான நோயாளிகள் பேசுவது சிங்களத்தில். நோய் தெரிந்தும் கேள்வி வாயில் வராமல் நின்றிருக்கிறேன். அதைச் செயலி "எலிக்காய்ச்சலில் பலவீனம்" என்று எழுதினால் பிழையான பாடத்தைத்தான் தரும். ஒவ்வொருவருக்கும் ஏற்ற செயலி என்றால், கேட்கவேண்டியதைச் சிங்களத்தில் ஒலியோடு தாருங்கள்.

ஆதிரை:
இதைத்தான் சொல்கிறேன். ஏன் பிழைத்தது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது. இன்னொன்று, தவறுகளின் பட்டியல் விரிவுரையாளர் கைக்குப் போகக்கூடாது. போகும் என்று தெரிந்தால் எல்லோரும் தெரிந்த பாடத்தையே திறப்பார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெள்ளவத்தையான்:
பட்டியல் மாணவரின் போனிலேயே இருக்கும், ஏற்றுக்கொள்கிறேன். பிழைத்ததும் "நோய் தெரியவில்லையா, மொழி வரவில்லையா?" என்று கேட்கவும் வைப்போம். ஆனால் பாடத்தேர்வை முழுதாக மாணவரிடம் விட எனக்கு மனமில்லை அக்கா. பிடிக்காத பாடத்தை யாரும் தானாகத் திறப்பதில்லை.