பள்ளித் திறப்பும் வாரியத்தின் மௌனமும்: சான் பிரான்சிஸ்கோ 2020–22, விவரம் தெரிந்தவர்கள் பகிர்ந்தவை

சன்செட் வட்டாரத்து அம்மா

“ரெண்டு நிமிஷம் பேச விட்டாங்க, நன்றி சொன்னாங்க, அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. ஒரு வார்த்தை பதில் இல்லை.” கோவிடால் மூடிய அரசுப் பள்ளிகளைத் திறக்கச் சொல்லி, பள்ளி வாரியக் (மக்கள் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் குழு) கூட்டத்தில் பேசிய பெற்றோர் எல்லோரிடமும் கேட்ட புலம்பல் இது. அந்த மௌனத்துக்குப் பாதிக் காரணம் சட்டம். கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி, நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை வாரியம் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரத்துக்கு முன்பும் நிரல் வெளியாக வேண்டும். அதில் “பள்ளித் திறப்பு” என்று ஒரு வரி இல்லையென்றால், நீங்கள் அழுதாலும் அது பதிவாகும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை நிரலில் வரி சேர்ப்பது. கல்விச் சட்டம் 35145.5 பிரிவு, பள்ளி மாவட்டம் (நகரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தொடர்பான விஷயத்தைப் பொதுமக்களே நிரலில் சேர்க்கக் கேட்க வழி தருகிறது. வாரியச் செயலருக்கு எழுத்தில் கொடுங்கள். “எங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் பயனில்லை. “ஆரம்பப் பள்ளிகளுக்கான திறப்புத் தேதி, கட்டடவாரியாக, விவாதமும் வாக்கெடுப்பும்” என்று எழுதுங்கள். வாக்கெடுப்பு என்ற சொல் விட்டுப்போனால் அதைத் தகவல் அறிக்கையாக மாற்றி, ஸ்லைடு போட்டு முடித்துவிடுவார்கள்.

மீதிப் பாதிக்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. 2021 ஜனவரி 26 அன்று, மாவட்டத்தின் ஒரு பள்ளியைக்கூடத் திறக்காத நேரத்தில், 44 பள்ளிகளின் பெயரை மாற்ற வாரியத்தினர் 6–1 என்று வாக்களித்தார்கள். பிப்ரவரிக் கூட்டமொன்றில், பெற்றோர் ஆலோசனைக் குழுவுக்கு ஒரே ஒரு தன்னார்வலரை நியமிக்கலாமா என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடியது. வரிசையில் காத்திருந்தவர்களின் கோபம் நியாயமானது.

பேச்சுவார்த்தை கவனிப்பவர்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தேதி முடிவானது அந்த மேடையில் இல்லை. ஊழியர் சங்கங்களோடு நடக்கும் பேச்சுவார்த்தை மூடிய அறையில் நடக்கும். வாரியம் தன் பேரம் பேசுபவருக்கு வழி சொல்வதும் மூடிய அமர்வில்தான். பெற்றோருக்குத் தெரிய வரும்போது ஒப்பந்தம் எழுதி முடிந்திருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். 2021 ஜனவரி 25 என்று வைத்த இலக்கு டிசம்பரிலேயே கைவிடப்பட்டது. பிப்ரவரி 3 அன்று நகர அரசு தன் சொந்தப் பள்ளி மாவட்டத்தின் மீதே வழக்குப் போட்டது. அடுத்த சில நாட்களில் சங்கங்களோடு தற்காலிக உடன்பாடு வந்தது: கோவிட் பரவலை மாநிலம் நிறத்தால் குறித்த கணக்கில் சிவப்பு நிலை என்றால் ஊழியருக்குத் தடுப்பூசி கிடைக்க வேண்டும், பரவல் அதைவிடக் குறைந்த ஆரஞ்சு நிலை என்றால் தடுப்பூசி இல்லாமலும் திரும்பலாம். சின்னப் பிள்ளைகளின் வகுப்புகள் ஏப்ரல் 12 அன்றுதான் தொடங்கின.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் மூன்று இடங்களை மட்டும் முதலில் பாருங்கள்: எந்த நிபந்தனை நிறைவேறினால் திறப்பு, அது நிறைவேறியதாகச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, இடைவெளி எத்தனை அடி. இந்த மூன்றாவது பலரைக் கவிழ்த்தது. ஆறடி என்று எண்ணாகவே எழுதியிருந்தால், மார்ச் 19 அன்று மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாணவர்களுக்கிடையே மூன்றடி போதும் என்ற பிறகும் மறுபடி மேசைக்குப் போக வேண்டும். “நடப்பிலுள்ள சுகாதார வழிகாட்டுதல்படி” என்று இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆசிரியர்கள் மேல் பாய்வதில் எனக்கு உடன்பாடில்லை. காற்றோட்டம் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகள் சரியான கேள்விகள். பதில் சொல்ல வேண்டியது மாவட்ட நிர்வாகம்.

ஃபில்டர் வேலை தெரிந்தவர்

காற்று பற்றிப் பேச்சு வந்ததால் கணக்கைப் போட்டுவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் வழக்கமான வகுப்பறை அளவு 960 சதுர அடி. கூரை 9 அடி என்றால் 8,640 கன அடி. மணிக்கு 5 முறை காற்று மாற வேண்டுமென்றால் 43,200 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 720. தூய காற்று அளவு 240 என்று அட்டையில் போட்ட ஹெப்பா இயந்திரம் (நுண்துகளை வடிகட்டும் காற்றுச் சுத்திகரிப்பான்) மூன்று வேண்டும். ஒன்றைக் கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டு “எல்லா அறையிலும் ஹெப்பா உண்டு” என்று சொன்னால், சொன்னது உண்மை, காற்று மாறாது.

இன்னொன்று: அட்டையில் உள்ள எண் முழு வேகத்துக்கானது. சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைத்தால் அந்த அளவு கிடைக்காது. முழு வேகத்தில் ஓடும்போது கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பாடம் கேட்கிறதா என்று கேளுங்கள்.

மெர்வ் 13 ஃபில்டர் (நுண்துகளைப் பிடிக்கும் அடர்த்தியான தரம்) மாட்டியாயிற்று என்பார்கள். பழைய மின்விசிறிக்கு அந்த அடர்த்தி தாங்காமல் வரும் காற்றே குறைந்துவிடலாம். அதை மாட்டும் சட்டகத்தில் ஃபில்டர் இறுக்கமாக உட்காராவிட்டால் ஓரத்து இடுக்கு வழியாகவே காற்று போகும். உள்ளே கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: சட்டகத்தின் விளிம்பில் கறுப்புக் கோடாகத் தூசி படிந்திருந்தால் கசிவு இருக்கிறது. பெற்றோர் உள்ளே போக முடியாது என்பதால், பொது ஆவணச் சட்டப்படி கேளுங்கள். “காற்றோட்டம் குறித்த எல்லா மின்னஞ்சலும்” என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். “இந்தப் பள்ளியின் ஜூலை முதல் இன்று வரையிலான ஃபில்டர் மாற்று வேலை ஆணைகளும் காற்றளவுப் பரிசோதனை அறிக்கையும்” என்று கேளுங்கள். கேட்ட ஆவணம் இருக்கிறதா, தருவார்களா என்று 10 நாளில் சொல்லியாக வேண்டும். 14 நாள்வரை நீட்டிக்கலாம்.

வரவு செலவு பார்ப்பவர்

பணம் பற்றிச் சுருக்கமாக. 2021 மார்ச் 5 அன்று கையெழுத்தான ஏபி 86 என்ற மாநிலச் சட்டத்தில் மொத்தம் 660 கோடி டாலர். அதில் 200 கோடி நேரடி வகுப்புத் தொடங்கும் மாவட்டங்களுக்கு. ஏப்ரல் 1க்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் 1 சதவீதம் வெட்டு, மே 15க்கு மேல் ஒன்றும் கிடையாது. இங்கே மே நடுவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைச் சில நாள் மட்டும் வரவழைத்தது, ஏறக்குறைய 1.2 கோடி டாலரைத் தக்கவைக்கத்தான். வருடம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கடைசியில் கொடுத்தது அது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

விசாவில் இருக்கும் அப்பாக்களுக்கு, மிஷன் வட்டாரத்துக்காரர்

வாரிய உறுப்பினர்களைப் பதவிக்காலத்தின் நடுவிலேயே நீக்கும் ‘திரும்பப் பெறும் வாக்கெடுப்பு’ பற்றிச் சொல்கிறேன். ஏழு பேரில் மூன்று பேரை மட்டும் ஏன் என்றால், மற்ற நால்வர் 2020 நவம்பரில் தேர்வானவர்கள். பதவியேற்ற முதல் ஆறு மாதம் அவர்கள் மேல் மனு போட முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி மனு, தனிக் கையெழுத்து. ஐம்பதாயிரத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். முகவரி வாக்காளர் பதிவோடு பொருந்தாவிட்டால் கையெழுத்து தள்ளுபடியாகும், அதனால் நன்றாகக் கூடுதலாக வாங்கினார்கள். 2022 பிப்ரவரி 15 அன்று மூவரும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலான வாக்குகளில் நீக்கப்பட்டார்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமானது: 2016இல் நிறைவேறிய ‘ப்ரபொசிஷன் N’ என்ற நகர வாக்கெடுப்புத் தீர்மானத்தின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் இந்த நகரப் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்த வாக்கெடுப்புக்கும் அது பொருந்தியது. ஆனால் அதற்கென்று உள்ள தனிப் படிவத்தில்தான் பதிய வேண்டும். டிஎம்வி (வாகன உரிமத் துறை) கவுண்டரில் நீட்டும் வழக்கமான வாக்காளர் படிவத்தில் “நான் குடிமகன்” என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்; பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரிய வினையாகும். தனிப் படிவத்தில் தரும் பெயரும் முகவரியும் குடிவரவுத் துறை கைக்குப் போகலாம் என்று தேர்தல் துறையே எச்சரிக்கிறது. கிரீன் கார்டு நடுவழியில் இருந்தால், படிவத்தைத் தொடும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.