மணப்பெண் அலங்கார பிரஷ்: ஆட்டு முடியா, செயற்கை இழையா?

கேள்வி (கீழக்கரை)

வீடுகளுக்குச் சென்று மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். இணையத்தில் வாங்கிய பிரஷ் தொகுப்பின் உறையில் ‘இயற்கை முடி’ என்பதற்கு மேல் எந்த விவரமும் இல்லை. பவுடர் பூசுவதற்கு அவை மிகவும் நன்றாக இருக்கின்றன. ஆனால் திரவ ஃபவுண்டேஷன் பூசினால் கன்னத்தில் கோடு கோடாக நிற்கிறது. வீட்டுக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கழுவிய பின் முடி விறைத்துப் போவதுடன் ஈர வாடையும் அடிக்கிறது. இவற்றையெல்லாம் விட, மணப்பெண்ணின் தாயார் “இது பன்றி முடியா?” என்று கேட்கும்போது உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை மாற்றுவது?

பதில் (ராமநாதபுரம்)

பவுடர் பிரஷ்களை மாற்ற வேண்டாம், அக்கா. விலங்கு முடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருப்பதால், அது பவுடரைப் பிடித்து வைத்துக்கொண்டு முகத்தில் சிறிது சிறிதாக விடுகிறது. ஆட்டு முடி உறுதியானது. காம்பாக்ட், பிளஷ் இரண்டுக்கும் போதும். அணில் முடி அதைவிட மென்மையானது என்றாலும் எளிதில் துவண்டுவிடும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

சிக்கல் ஃபவுண்டேஷனில்தான். முடி திரவத்தை உறிஞ்சிக்கொள்வதால், ஊற்றியதில் ஒரு பகுதி பிரஷ்ஷிலேயே தங்கிவிட, மீதி முகத்தில் ஒரே சீராகப் படிவதில்லை. நைலான் அல்லது பாலியஸ்டர் இழை வழவழப்பானது. திரவத்தை உள்ளே இழுக்காது. ஆகவே ஃபவுண்டேஷன், கன்சீலர், கிரீம் பிளஷ், உதட்டுச் சாயம் ஆகியவற்றுக்குச் செயற்கை இழையையே வாங்குங்கள். தட்டையான பிரஷ்ஷால் இழுத்துப் பூசினால் செயற்கை இழையிலும் கோடு விழும் என்பதால், இழைகள் நெருக்கமாகவும் நுனி வட்டமாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, சிறு வட்டங்களாகச் சுழற்றிப் பூச வேண்டும்.

விறைப்புக்குக் காரணம் முடியன்று, தண்ணீர். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்புக் கட்டியை விட்டுவிட்டு மென்மையான ஷாம்பூவால் கழுவுங்கள். கடைசி அலசலுக்காவது காவிரிக் குடிநீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். வெந்நீர் வேண்டாம், பூணுக்குள் (முடியைக் கைப்பிடியுடன் இணைக்கும் உலோக வளையம்) இருக்கும் பசை இளகி முடி உதிரத் தொடங்கும்.

பதில் (தொண்டி)

ராத்தா, முகத்துக்கான மென்மையான பிரஷ்களில் பன்றி முடி பொதுவாக இருப்பதில்லை; அது தடித்து விறைப்பானது, தலைவாரும் பிரஷ்களில்தான் அதிகம் காணப்படும். ஆனாலும் விவரம் அச்சிடாத உறையை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. உதிர்ந்த ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால், முடியாக இருப்பின் தலைமுடி கருகும் வாடையுடன் பொடியாக உதிரும்; செயற்கை இழையாக இருப்பின் உருகிச் சிறு மணியாகத் திரளும். எந்த விலங்கின் முடி என்பதை இந்தச் சோதனை காட்டாது. எனவே இந்தக் கேள்வி எழும் வீடுகளுக்கென்று முழுவதும் செயற்கை இழையாலான ஒரு தொகுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அலை அலையாக வளைத்த செயற்கை இழைகள் இப்போது பவுடரையும் நன்றாகவே எடுக்கின்றன. யாராவது கீரி முடி என்று சொல்லி விற்றால் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கேட்டவர் (கீழக்கரை)

இருவருக்கும் நன்றி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரஷ் மறுநாள் வரைகூடக் காய்வதில்லை. பூணிலும் பழுப்புக் கறை ஏறியிருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

பதில் (ராமநாதபுரம்)

கழுவும்போது நுனி கீழ்நோக்கியே இருக்கட்டும்; தண்ணீர் பூணுக்குள் இறங்கினால் துருவும் வாடையும் அங்கிருந்துதான் தொடங்கும். பின்னர் துணியால் ஒற்றியெடுத்து, நுனி மேசை விளிம்புக்கு வெளியே நீண்டிருக்கும்படி படுக்கவைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். டம்ளரில் நிமிர்த்தி வைத்து உலர்த்தக் கூடாது. உப்புக் காற்று படும் ஊரில் பூணைத் தனியாகத் துடைத்து வைப்பதும் அவசியம். ஒரே நாளில் இரண்டு மணப்பெண்கள் என்றால், இடையில் செயற்கை இழை பிரஷ்களை 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளலாம். அவை விரைவில் உலர்ந்துவிடும். ஆட்டு முடியில் இதை அடிக்கடி செய்தால் முடி வறண்டு ஒடியும் என்பதால், அதற்கு மாற்றாக இன்னொரு பவுடர் பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். முழுவதும் காயாத பிரஷ்ஷைப் பையில் வைத்து ஜிப்பை மூட வேண்டாம்.