பட்டா நிலத்தில் இருக்கும் கல்வட்டங்களைக் காப்பாற்ற வழி தெரியுமா?

காட்பாடி வட்டம், மலையடிவாரத் தரிசு. மொத்தம் 14 பெருங்கற்காலக் கல்வட்டங்கள், அதாவது புதைகுழியைச் சுற்றிக் கற்களை வட்டமாக வைத்த பழங்கால ஈமச்சின்னங்கள். பாதி புறம்போக்கில், மீதி பட்டாவில். போன வாரம் பட்டா பக்கம் ஜேசிபி விட்டு நிரவியதில் 3 காலி. ஒன்றில் கற்பதுக்கையின் (பலகைக்கற்களால் அமைத்த புதைகுழி) பக்கப் பலகைக்கல் சாய்ந்து, கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் வெளியே கிடக்கின்றன. ஓடுகளைத் தொடவில்லை, இடம் பெயர்ந்தால் எது எந்த மண்ணடுக்கில் இருந்தது என்ற வரிசையே போய்விடும்.

இதுவரை செய்தது: ஒவ்வொரு வட்டத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி, விட்டம், அளவுகோல் வைத்த படம். புல எண், புலப்பட நகலோடு திங்கட்கிழமை மனுநாளில் மனு. ரசீது இருக்கிறது, பதில் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படாததால் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்ற தடையும் செல்லாது.

தொல்சின்னங்கள் குறித்த 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற அறிவிப்பு வரும்வரை, பட்டா நிலத்தில் வேலையை நிறுத்திவைக்க யாரிடம், என்ன உத்தரவு கேட்க வேண்டும்?